ஓய்மானாட்டு உணவும் கள்ளும் : கற்றற்குரிய நூல்கள்

முன்னுரை

ஒரு நாட்டு வரலாற்றை ஆராயப் புகுவார் முதற்கண் நாடுவன அரசர் மெய்க்கீர்த்திகளும் போர்ச் செய்திகளுமே ஆகும். அந்நாட்டு மக்கள் யாது உண்டனர், யாது பருகினர், எவ்விறகால் அட்டனர், எக்கலத்தில் பெய்தனர் என்பவை சிறு செய்திகள் எனத் தள்ளப்படுகின்றன. ஆயின் மெய்க்கீர்த்தி வேந்தன் ஒருவனது வாழ்வைக் கூறும். அடுப்போ ஊர் முழுவதன் வாழ்வையும் கூறும். நிலம், நீர், உழவு, வாணிகம், குடிப்பிரிவு, வறுமை ஆகிய அனைத்தும் உண்கலத்தில் வந்து கூடுகின்றன.

தமிழகத்தின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் உணவையும் கள்ளையும் அறிவதற்குத் துணைபுரியும் நூல்கள் யாவை, அவற்றுள் எதனை எவ்வளவிற்கு நம்பலாம், எது எதனை மறைக்கின்றது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட பகுதி கருங்குழியை நடுவாகக் கொண்ட நிலப்பரப்பு. மேற்கே காஞ்சி, கிழக்கே மாமல்லபுரக் கடற்கரை, தெற்கே மரக்காணமும் திண்டிவனமும் இதன் எல்லைகள் எனக் கொள்வோம்.

இடமும் அதன் சிறப்பும்

கருங்குழி, செங்கற்பட்டிலிருந்து மதுராந்தகம் செல்லும் பெருவழியில் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கருநாடகப் போர்களில் இதன் கோட்டை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறி விரும்பிய இடமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாவட்டத் தலைமையிடமாகவும் இவ்வூர் விளங்கியது. 2019இல் காஞ்சிபுரத்தினின்றும் பிரிக்கப்பெற்ற செங்கற்பட்டு மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ளது.

உணவு வரலாற்று நோக்கில் இவ்விடத்திற்கு வேறொரு சிறப்பு உண்டு. பத்துப்பாட்டுள் இரண்டு பாட்டுக்கள் இதன் இருபுறத்தும் வழி நடக்கின்றன. ஒன்று, தொண்டைமான் இளந்திரையனது காஞ்சியை நோக்கிச் செல்லும் பெரும்பாணாற்றுப்படை. மற்றொன்று, ஓய்மானாட்டு நல்லியக்கோடனது கிடங்கிலை நோக்கிச் செல்லும் சிறுபாணாற்றுப்படை. கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை அடுத்துள்ளது. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சார்ந்தவர். இடைக்கழிநாடு என்னும் பெயர் செய்யூரை அடுத்த கடற்கரைப் பகுதிக்கு இன்றும் வழங்குகின்றது. எனவே இப்பாட்டு, தான் வாழ்ந்த நிலத்தைப் புலவர் ஒருவர் தாமே கண்டு பாடிய சான்றாகும். இத்தகைய பேறு தமிழகத்தின் எல்லாப் பகுதிகட்கும் வாய்த்திலது.

சிறுபாணாற்றுப்படை

இஃது 269 அடிகளை உடையது. நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு வழி கூறுகின்றான். அவ்வழியில் மூன்று ஊர்களில் மூன்று வகை உணவு கிடைக்கும் என்கிறான்.

முதலாவது எயிற்பட்டினம். இதனை மரக்காணம் என ஆராய்ச்சியாளர் கொள்வர். ஈண்டு நுளைமகள், அலை கொணர்ந்து ஒதுக்கிய நறுமண மரத்தை விறகாக்கித் தீ மூட்டி, நாட்பட்ட தேறலை அரிக்கின்றாள். பரதவர் அதனைக் குழல்மீன் சூட்டோடு விருந்தினர்க்கு ஊட்டுவர். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் அம்மரங்கள் துயிலும் ஒட்டகங்களைப் போன்றன என்று புலவர் உவமிக்கின்றார். இரண்டாவது வேலூர். ஈண்டு எயிற்றியர் அட்ட புளிச்சோறும் ஆமான் சூடும் கிடைக்கும். மூன்றாவது ஆமூர். ஈண்டு உழவர் மகளிர், உலக்கையின் இரும்புப் பூண் தேயக் குற்றிய அரிசியைச் சோறாக்கி, நண்டுக் கலவையோடு இடுவர்.

ஒவ்வோர் உணவும் அவ்வந்நிலத்தில் கிடைப்பதனாலேயே ஆயது. நெய்தலில் மீன், காட்டுப்புறத்தில் ஆமான், வயற்புறத்தில் நண்டு. அட்டவர் யார், விறகு யாது, கருவி யாது என்பவற்றையும் புலவர் உடன் கூறுகின்றார். உணவின் பெயரை மட்டும் கூறும் நூல்கள் பல; உணவு ஆக்கப்படும் முறையோடு கூறுவன சில. இந்நூல் அச்சிலவற்றுள் ஒன்று.

இனி, இப்பாட்டில் நாம் பெரிதும் கருத வேண்டிய பகுதி வேறொன்று. அது விருந்துப் பகுதி அன்று; வறிய பாணனது இல்லப் பகுதி. ஈன்றணிய நாய் பாலின்றிக் குரைக்கும் பாழ்பட்ட அட்டில். சுவரில் காளான் பூத்திருக்கின்றது. அவ்வில்லத்தாள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேவித்து, புறங்கூறுவார் காணாதவாறு கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றாள். தமிழ் இலக்கியத்தில் பசியை இத்துணை நெருங்கிக் கண்ட பகுதி பிறிதொன்று இருத்தல் அரிது.

உப்பில்லை என்ற குறிப்பை உரைநூல்கள் வறுமையின் அடையாளமாக மட்டும் கொண்டு செல்கின்றன. புலவரது ஊரை மனத்திற்கொண்டால் அதன் ஆழம் புலனாகும். இடைக்கழிநாடு, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட நிலம். மரக்காணமும் செய்யூரும் இன்றும் உப்பளங்களுக்குப் பெயர் பெற்றவை. உமணர் உப்பு வண்டிகள் உள்நாடு நோக்கிச் சென்ற வழிகள் இப்பகுதியினவே. உப்பு விளையும் நிலத்துப் புலவர், உப்பின்றி வெந்த கீரையைப் பாடுகின்றார். ஒரு பொருள் விளையும் இடத்தில் வாழ்தல் வேறு, அதனை நுகரும் ஆற்றல் பெறுதல் வேறு என்பதனை அவர் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். இக்கருத்து ஊகமே ஆயினும், நிலத்தொடு பொருந்திய ஊகமாகும்.

இப்பாட்டின் இறுதியில் மற்றொரு குறிப்பு உள்ளது. நல்லியக்கோடனது அடிசில், வீமன் இயற்றிய மடைநூலினின்றும் வழுவாது ஆக்கப்பட்டது என்கிறார் புலவர். தமிழகத்துள் சமையற்கு நூல் உண்டு என்ற வழக்கினை அறிவிக்கும் பழைய சான்று இதுவாகும். அந்நூல் வடமொழியினதோ, தமிழினதோ, வெறும் புகழ்மொழியோ என்பது ஆராய்தற்குரியது. எங்ஙனமாயினும், அரசனது அடுப்பிற்கே நூல் உண்டு என்றும், நுளைமகளின் அடுப்பிற்கும் எயிற்றியின் அடுப்பிற்கும் நூல் இல்லை என்றும் இப்பாட்டே பிரித்துக் காட்டிவிடுகின்றது. அந்நூல் இன்று நமக்குக் கிடைத்திலது. நூலில்லாத அடுப்புக்களைப் பாடிய பாட்டோ கிடைத்துள்ளது.

பெரும்பாணாற்றுப்படை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இப்பாட்டு 500 அடிகளை உடையது. உணவுச் செய்திகளின் பெருக்கத்தில் இதனை ஒப்பது பத்துப்பாட்டுள் வேறில்லை எனலாம்.

எயிற்றியர் எறும்பு சேர்த்துவைத்த புல்லரிசியை அகழ்ந்தெடுத்து, நிலவுரலில் குற்றி, உவர்நீர் உலையில் அட்டு, வாடூனோடு தேக்கிலையில் இடுகின்றனர். எயினரது அரணுள் மேட்டுநிலத்து விளைந்த செந்நெற் சோறும் உடும்பின் வறையும் கிடைக்கும். கோவலர் குடியில் தினைச்சோறும் பாலும், முல்லை உழவர் குடியில் வரகுச் சோறும் அவரைப் பருப்பின் புழுக்கும், மருதத்து உழவர் மனையில் வெண்ணெற் சோறும் வீட்டில் வளர்ந்த கோழியின் வாட்டும், ஆலைக்களத்தில் கருப்பஞ்சாறு. அந்தணர் உறையுளில் உயர்ந்த நெல்லின் சோறும், வெண்ணெயில் மிளகுபொடியும் கறிவேப்பிலையும் சேர வெந்த மாதுளங்காயும், மாவடு ஊறுகாயும் கிடைக்கும். தோட்டக் குடிகளிடம் பலாவும் இளநீரும் வாழைப்பழமும் நுங்கும் கிழங்கும் உண்டு.

இவ்வரிசையை ஊன்றி நோக்குக. புல்லரிசி, மேட்டுநிலச் செந்நெல், தினை, வரகு, வெண்ணெல், உயர்குலத்தார் நெல் எனச் சோறு ஆறு படிகளில் நிற்கின்றது. இவை வெறும் சுவை வேறுபாடுகள் அல்ல, நீர்வளத்தின் வேறுபாடுகள். ஏரிப் பாசனம் எட்டிய இடத்தில் வெண்ணெல், எட்டாத இடத்தில் வரகும் தினையும், இரண்டும் இல்லாத இடத்தில் எறும்பின் சேமிப்பு. தொண்டை நாடு ஏரிகளின் நாடு. அதன் உணவு வரலாற்றின் திறவுகோல் ஏரியில் உள்ளது என்பதனை இப்பாட்டு கூறாமல் கூறுகின்றது.

உமணர் வண்டியைக் கூறும் பகுதியும் கருதத்தக்கது. மகவை உடைய மகளிர் ஒருத்தி வண்டியின் முன்புறம் இருந்து பகட்டை ஓட்டுகின்றாள். அருகே காடி பெய்த கலம் கயிற்றால் தூக்கப்பட்டுள்ளது. வழிநடை உணவு என்னும் பொருள் பற்றிய அரிய காட்சி இது.

கள்ளின் வகையும் செய்முறையும்

கள் என்னும் சொல்லை இன்று கேட்பார்க்குப் பனையும் தென்னையுமே நினைவுக்கு வரும். சங்க நூல்களிலோ கள், தேறல், நறவு, பிழி, அரியல், தோப்பி, மட்டு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றை ஒருபொருட் கிளவிகளாகக் கொண்டு எல்லாவற்றிற்கும் கள் என்றே பொருள் எழுதுதல் வழக்கமாகிவிட்டது. இது செய்யுட்குப் போதுமாயினும் வரலாற்றுக்குப் போதாது.

பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைக் கூறும் பகுதி இதற்குச் சான்று. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி அடுகின்றனர். அதனை வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். பின்னர்ப் புற்றின் உள்ளே காணப்படும் குரும்பியைப் போன்ற அடையினை அதனுடன் கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயையுடைய சாடியில் வைத்து விளையவிடுகின்றனர். அதன்பின் விரலால் அலைத்துப் பிழிகின்றனர். பிழிந்ததனைச் சுட்ட மீனோடு விருந்தினர்க்கு அளிக்கின்றனர்.

இது முழுமையான செய்முறை. இதன் ஒவ்வொரு படியும் இக்கால அறிவியலோடு பொருந்துகின்றது. பனஞ்சாறு இயல்பாகவே இனிப்புடையது. காற்றிலும் கலத்திலும் உள்ள நுரைமங்களால் தானே புளித்துக் கள்ளாகும். அதற்கு அடை வேண்டா. இன்னும் கூறின், புளிப்பேறாமல் பதநீராக வைத்தற்கே கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவவேண்டியுள்ளது. அரிசியோ மாப்பொருள் மிக்கது. அம்மாப்பொருள் முதலில் இனிப்பாக மாறினாலன்றிப் புளிக்காது. அம்மாற்றத்தைச் செய்வதற்கே அடை கலத்தல் இன்றியமையாததாகின்றது. சூட்டோடு கலந்தால் அடையின் ஆற்றல் அழிந்துபடும். ஆதலின் பிழாவில் ஆற்றுதல் வேண்டும். புலவர் ஒரு படியையும் விட்டிலர், வரிசையையும் மாற்றிலர். எனவே வலைஞர் பருகியது பனங்கள் அன்று, அரிசிக்கள் என்பது உரையாளர் துணையின்றியும் பெறப்படும். எயினர் இல்லில் அட்ட தோப்பியும் நெல்லால் ஆயதே என்பர்.

எயிற்பட்டினத்துத் தேறலைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறுதல் வேண்டும். நுளைமகள் தீ மூட்டினாள் என்பதனைக் கொண்டு, அது வடித்திறக்கிய சாராயம் என்று கொள்ளுதல் பொருந்தாது. பாட்டில் உள்ள வினை அரித்தல். அஃதாவது கசடு நீக்கித் தெளிவித்தல். அரிசியை அடுதற்கும் மீனைச் சுடுதற்கும் தீ வேண்டும். ஆவியைக் குளிர்வித்துத் துளித்துளியாகப் பெறும் கருவி எதுவும் பாட்டில் இல்லை. பழமைக்குப் பெருமை சேர்க்கும் விருப்பத்தால் இல்லாத கருவியைப் பாட்டினுள் புகுத்தலாகாது.

நீர்ப்பெயற்றும் யவனர் தேறலும்

பெரும்பாணாற்றுப்படை கூறும் கடற்றுறை நீர்ப்பெயற்று. அங்கு வானளாவிய கலங்கரை விளக்கம் உண்டு, நாவாய்கள் சூழ்ந்துள்ளன. அத்துறையில் கள் அடும் மகளிர் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாகின்றது. அச்சேற்றில் பன்றிகள் அளைகின்றன. அவற்றோடு சேரவிடாது குழியில் நிறுத்தி, நெல் மாவு ஊட்டிக் கொழுக்கவைத்த ஏற்றையின் ஊனும், களிப்பு மிக்க நறவும் விருந்தினர்க்குக் கிடைக்கும். தீனியிட்டு விலங்கைக் கொழுப்பித்தல் என்னும் முறை அக்காலத்தே நெல் மிகுந்த துறைமுகத்தில் நிலவியதனை இதனால் அறிகின்றோம்.

நீர்ப்பெயற்று மாமல்லபுரமே என்பார் ஒரு சாரார். பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரப் பகுதி என்பார் மற்றொரு சாரார். வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970இல் அகழாய்வு செய்தது. அதன் அறிக்கை 1978இல் வெளிவந்தது. உறைகிணறுகளும் ஆம்போரா எனப்படும் கூர்ங்குடச் சாடியின் ஓடுகளும் அங்குக் கிடைத்தன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும் இவ்வகை ஓடுகள் பல கிடைத்துள்ளன. ஆம்போரா, நடுநிலக்கடற் பகுதியினின்றும் கொடிமுந்திரித் தேறலையும் எண்ணெயையும் மீன் ஊறலையும் ஏற்றிவந்த கலம்.

யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பாண்டிய மன்னன் ஒருவன் பருகியதனைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியுள்ளார். முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய பெரிப்புளூசு, மேலைக்கரைத் துறைகளுக்குத் தேறல் சிறிதளவே வந்ததாகக் கூறுகின்றது. கீழைக்கரையில் கமரா, பொதுகா, சோபட்மா என்னும் மூன்று துறைகளைக் குறிக்கின்றது. சோபட்மாவை எயிற்பட்டினத்தோடு ஒப்பிடுவார் உளர். இவற்றைச் சேர்த்து நோக்கின், யவனத் தேறல் அரிய பொருளாகவே இருந்தது, மன்னர்க்கும் செல்வர்க்கும் உரியதாகவே இருந்தது என்பது பெறப்படும். இரு பாணாற்றுப்படைகளிலும் கடற்றுறை விருந்தில் அயல்நாட்டுத் தேறல் வரவில்லை. உள்ளூர்க் கள்ளே வருகின்றது. துறைமுகத்தில் இறங்கிய தேறலைத் துறைமுகத்தார் பருகினர் எனல் இயலாது.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கூரிய அடியையுடைய சாடி ஓடுகள் அனைத்தையும் முன்னர் ஆம்போரா என்றே எழுதினர். பின்வந்த ஆய்வாளர், அவற்றுள் சில பாரசீக வளைகுடாப் பகுதியின் சாடிகள் என்றும் காலத்தால் பிந்தியவை என்றும் பிரித்துள்ளனர். ஆதலின் பழைய அறிக்கைகளைப் பயில்வோர் புதிய ஆய்வுகளோடு ஒப்பிட்டே கொள்ளுதல் வேண்டும்.

மணிமேகலையும் மத்தவிலாசமும்

காஞ்சி நகரைப் பற்றிய இரு நூல்கள் உணவு வரலாற்றில் எதிரெதிர்த் துருவங்களாக நிற்கின்றன. மணிமேகலையின் பிற்பகுதியில், வற்கடத்தால் வாடிய காஞ்சிக்கு மணிமேகலை வருகின்றாள். அமுதசுரபி கொண்டு பசித்த உயிர்கட்கு உணவளிக்கின்றாள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம், அந்நகரின் கள்ளங்காடியில் தள்ளாடும் காபாலிகனை நகைப்பொருளாக்குகின்றது. கள்ளங்காடியை வேள்விச்சாலையோடு உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டு எள்ளும் பகுதி அந்நாடகத்தில் உண்டு. ஒரு நூலில் கையில் உள்ள பாத்திரம் பசி தீர்க்கின்றது. மற்றொன்றில் கையில் இருக்கவேண்டிய மண்டையோட்டுப் பாத்திரத்தை நாய் கவ்விச் சென்றுவிடுகின்றது. இவ்விரண்டும் சமயக் கருத்துடைய நூல்கள். எனவே இவற்றை நேரான சான்றாகக் கொள்ளாது, நகரத்தின் பசியையும் களிப்பையும் பற்றிய மனப்போக்கிற்குச் சான்றாகக் கொள்ளுதலே தகும்.

செப்பேடும் கல்வெட்டும்

பல்லவர், சோழர் செப்பேடுகளில் வரும் வரிப்பெயர்களுள் ஈழம்பூட்சி என்பது ஒன்று. இது கள் இறக்குவார்மேல் விதித்த வரி. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடு முதலியவற்றில், கொடையாக அளித்த ஊரில் தெங்கிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது என்னும் விதியும் காணப்படுகின்றது. பாட்டில் விருந்தாக இருந்த கள், சாசனத்தில் வரியாகவும் விலக்காகவும் மாறுகின்றது. கள் மறைந்தது என்பது இதன் பொருளன்று. விலக்கப்பட்ட பொருள் வழக்கில் இருந்த பொருளே ஆகும்.

கோயிற் கல்வெட்டுக்கள் திருவமுதுக்குரிய அரிசி, பருப்பு, நெய், மிளகு, தயிர் ஆகியவற்றை நாழி, உழக்கு, ஆழாக்கு என அளவோடு கூறுகின்றன. காஞ்சி வரதராசர் கோயிலில் விசயநகரக் காலக் கல்வெட்டுக்கள் பணியாரங்களின் பெயர்களையும் தருகின்றன. அக்கோயிலைப் பற்றிக் கே. வி. இராமன் எழுதி 1975இல் வெளிவந்த நூல் இதற்குச் சிறந்த வழிகாட்டி. மிளகும் சீரகமும் சுக்கும் கலந்து குடலையில் வேகவைக்கும் காஞ்சிபுரத்து இட்டலி இம்மரபின் இன்றைய வடிவம். ஆயின் கோயில் அடுப்பு ஊரின் அடுப்புக்களுள் ஒன்றே. கல்லில் வெட்டப்பட்டதனால் அதனையே ஊரின் உணவு எனக் கொள்ளுதல் பிழையாகும். ஊனும் மீனும் வரகும் கல்லில் ஏறவில்லை.

கணக்கு ஏடும் ஆட்சியர் ஏடும்

1763இல் இப்பகுதி கிழக்கிந்தியக் கும்பினியாரின் சாகீர் ஆயிற்று. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பார் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதற்கு அடிப்படையாகிய ஓலைக் கணக்குக்கள், விளைந்த நெல்லில் கோயிலுக்கும் காவலுக்கும் தச்சர், கொல்லர், குயவர், நாவிதர் முதலியோர்க்கும் எவ்வளவு பகுத்தளிக்கப்பட்டது என்பதனை ஊர்தோறும் கூறுகின்றன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்கைச் சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தார் 2001இல் பதிப்பித்துள்ளனர். சமையல் பற்றி ஒரு சொல்லும் இல்லாத இந்நூல், உணவு வரலாற்றில் தலையாய நூல்களுள் ஒன்று. களத்து மேட்டில் நெல் யார் கைக்குச் சென்றது என்பதே, மாலையில் எவ்வடுப்பு எரிந்தது என்பதனை முடிவு செய்கின்றது.

சாகீரின் ஆட்சியராயிருந்த இலயனல் பிளேசு 1799இல் அளித்த அறிக்கையும், குரோல் என்பார் 1879இல் வெளியிட்ட செங்கற்பட்டு மாவட்டக் கையேடும் வரித்தண்டலர் நோக்கில் எழுதப்பட்டவை. பின்னது 1876–78 பெரும் பஞ்சத்தை அடுத்து எழுந்தது என்பதனை நினைவிற்கொண்டு பயிலவேண்டும். இருபதாம் நூற்றாண்டு இறுதியில் யூசின் இர்சிக் 1994இல் வெளியிட்ட நூல், இவ்வறிக்கைகளின் நோக்கங்களை ஆராய்கின்றது.

இவ்வரிசையில் மிக முதன்மையானது, மாவட்ட ஆட்சியராயிருந்த திரெமென்கீர் 1891இல் செங்கற்பட்டுப் பறையர் நிலை பற்றி எழுதிய குறிப்பாகும். நிலமற்ற உழவுத் தொழிலாளரின் கூலி, குடியிருப்பு, கடன், ஊட்டமின்மை ஆகியவற்றை அது எடுத்துரைத்தது. அதன் பயனாக 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. சிறுபாணாற்றுப்படையின் வறிய அட்டிலைக் கண்ட பின்னர், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு மேற்பட்ட இடைவெளியில், இந்நிலத்துப் பசியை நேர்நோக்கிய ஆவணம் இதுவே எனலாம். இடைப்பட்ட சாசனங்கள் திருவமுதை அளந்தன. அவ்வமுதிற்கு நெல் விளைத்தார் உண்டதனை அளக்கவில்லை.

சொல்லிழப்பும் பொருளிழப்பும்

மேற்கூறிய வலைஞர் பகுதியைப் பாடஞ்சொல்லும்போதெல்லாம் மாணவர் கேட்கும் வினா ஒன்றுண்டு: பிழா என்பது யாது, அடை என்பது யாது? அகராதி விடை கூறும்; ஆயின் அவ்விடை மற்றொரு சொல்லே ஆகும். கலத்தைக் கண்டவர், அரிசிக்கள் விளையும் மணத்தை அறிந்தவர் வகுப்பில் இலர், ஆசிரியரும் அத்தகையரே. பனையைப் பற்றிய சொற்களும் இந்நிலையை நோக்கி விரைகின்றன. பாளை சீவுதல், இடுக்குதல், கலயம் கட்டுதல் முதலிய தொழிற்சொற்களை அறிந்தோர் முதியோராகிவிட்டனர்.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1886ஆம் ஆண்டு சென்னை ஆப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் அரசின் வருவாய்ப் பொருளாக ஒழுங்குபடுத்தியது. 1948இல் மாநிலம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1971இல் அது நிறுத்திவைக்கப்பட்டது. பின்னரும் பலமுறை மாறியது. 1987 முதல் கள் இறக்குதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. பதநீர் இறக்குதற்கே இசைவு உண்டு. இத்தடையின் நன்மை தீமைகளை ஆராய்தல் இக்கட்டுரையின் வேலையன்று. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளும், கள்ளை விருந்தாக்கிய பாணாற்றுப்படைகளும் ஒருங்கே நம் நூல்கள். அறநூலைப் போற்றுதற்காக வரலாற்று நூலின் சொல்லை மழுக்குதல் வேண்டா. வரலாற்றைக் காட்டி அறத்தைப் பழித்தலும் வேண்டா. ஊனும் கள்ளும் வரும் இடங்களை விரைந்து கடந்துபோகும் உரைமரபு, நம் முன்னோர் அடுப்பை நாம் காணாதவாறு கதவடைக்கின்றது. வறிய பாணனது மனைவி நாணத்தால் கதவை அடைத்தாள். ஆராய்ச்சியாளர்க்கு அந்நாணம் வேண்டுவதில்லை.

கற்கும் முறை

இவ்வாராய்ச்சியிற் புகும் மாணவர் முதலில் உ. வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பத்துப்பாட்டைக் கற்றல் வேண்டும். அதனுடன் மா. இராசமாணிக்கனாரின் பத்துப்பாட்டு ஆராய்ச்சி, பொ. வே. சோமசுந்தரனாரின் உரை ஆகியவற்றை ஒப்பிடுக. உணவுப் பொருள்களின் குணத்தை அறியப் பதார்த்த குண சிந்தாமணியும், கள்ளின் பெயர்களை அறியத் திவாகரம், பிங்கலம் ஆகிய நிகண்டுகளும் உதவும். இந்திய உணவு வரலாற்றின் பரந்த பின்னணிக்குக் கே. டி. அச்சயா 1994இல் வெளியிட்ட ஆங்கில நூலும், தமிழர் வழக்காறுகளை உணர்தற்குத் தொ. பரமசிவனின் அறியப்படாத தமிழகமும் ஏற்றவை. எசு. மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட சமைத்துப் பார் போன்ற அச்சிட்ட சமையல் நூல்களையும் புறக்கணித்தலாகாது. ஆயின் அவை ஒரு வகுப்பாரின் அடுப்பையே காட்டுவன என்பதனை மறத்தலும் ஆகாது.

இவற்றின்பின் செய்யவேண்டிய வேலை களத்தில் உள்ளது. கருங்குழியினின்றும் கிழக்கே கடற்கரை வரை ஊர்தோறும் சென்று, மீன் பெயர், கருவாட்டு வகை, நெல் வகை, கலப்பெயர், விறகுப்பெயர், பனைத்தொழிற் சொல் ஆகியவற்றை முதியோர் வாய்மொழியாகத் தொகுத்தல் வேண்டும். நூலைக் கற்பதற்குக் காலம் உண்டு; முதியோரைக் கேட்பதற்குக் காலம் குறுகிவருகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஓய்மானாட்டிற்கும் அதனை அடுத்த தொண்டை நாட்டுக் கடற்கரைக்கும் மடைநூல் எதுவும் எஞ்சவில்லை. எனினும் வழிகாட்டும் பாட்டு, எள்ளும் நாடகம், வரிச் சாசனம், களத்துக் கணக்கு, ஆட்சியர் குறிப்பு ஆகியவை சேர்ந்து அந்நூலின் இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. பாட்டு அட்டவளைக் காட்டும். சாசனம் அளவைக் காட்டும். கணக்கு ஏடு பங்கைக் காட்டும். அகழாய்வு கலத்தைக் காட்டும். ஒன்று மறைப்பதனை மற்றொன்று வெளிப்படுத்தும். இவற்றுள் ஒன்றை மட்டும் கற்பார் விருந்தை மட்டுமோ வரியை மட்டுமோ காண்பர். அனைத்தையும் ஒப்பிட்டுக் கற்பாரே, எயிற்பட்டினத்து மீன் சூட்டையும், அதற்கு அண்மையில் உப்பின்றி வெந்த வேளைக்கீரையையும் ஒருங்கே காண்பர். அவ்விரண்டையும் ஒருங்கே காட்டுவதே இந்நிலத்து உணவு வரலாறு ஆகும்.